அத்தான் ஏறாத கம்பம்

என் அத்தான் லைன்மேன். லைன்மேன் என்றால் கம்பம் ஏற வேண்டும். அவர் கம்பம் ஏறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இது அவருக்கும், என் அக்காவுக்கும், அவரோடு ஜோடியாக வேலை பார்க்கும், கொக்கு என்று எல்லோரும் கூப்பிடும் இளைஞனுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. வீட்டு முன்னால் இருக்கும் மின்கம்பத்தில் இரண்டு காகங்கள் கூடு கட்டத் தொடங்கிய பிறகு எனக்கும் தெரிந்தது. அதற்கப்புறம் யார் யாருக்கோ தெரிந்துவிட்டது.

நான் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான்தான். பட்டம் வாங்கிய படத்துக்குச் சட்டம் போட்டு எங்கள் வீட்டில் மாட்டுவதற்கு முன்பே அக்கா அதைப் பறித்துக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். அவள் மகள் தினமும் அதைப் பார்த்து வளர வேண்டுமாம். வேலை கிடைத்ததும் படத்தின் பின்னாலேயே நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் கடைசி வீடு அது. அந்த மின்பாதையில் அதற்கப்பால் இரண்டு பம்புசெட்டுகள் மட்டும்தான். பறவைகளுக்குக் குறைவே இல்லை. துணிக்கொடியில் ஒரு தேன்சிட்டு பை மாதிரி தன் கூட்டைத் தொங்கவிட்டிருந்தது. அந்த ஒரு முழத்தை விட்டுவிட்டுத்தான் அக்கா துணி காயப்போடுவாள். குளியலறைச் சுவரில் குழாய்க்காகக் குடைந்த ஓட்டையில் மைனா குடியிருந்தது; நான் குளிக்கும்போதெல்லாம் யாரோ கண்டபடி திட்டுவது போலச் சத்தம் வரும். இவையெல்லாம் பழகிப்போன குடித்தனங்கள். காகம்தான் வம்பு.

கம்பத்தின் உச்சியில், கம்பிகளைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் அவை இடம் பிடித்தன. கூட்டுக்குக் குச்சியைவிடக் கம்பிதான் அவற்றுக்குப் பிடித்திருந்தது. கட்டுக்கம்பி, உடைந்த ஹேங்கர், யாரோ தூக்கிப் போட்ட சைக்கிள் கம்பி. எல்லாவற்றுக்கும் மேலே, அத்தானின் வேலைப் பையிலிருந்து முற்றத்தில் உதிரும் அலுமினியத் துண்டுகள்.

"நீங்க கொண்டு வந்து கொட்டுறீங்க, அது எடுத்துட்டுப் போய் உங்க தலைக்கு மேலயே கட்டுது. நல்ல பங்காளிங்க" என்றாள் அக்கா.

அத்தான் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரியும். கம்பிக் கூடு ஈரமானால் இரண்டு மின்கம்பிகளுக்கு நடுவே பாலம் போட்டுவிடும். ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம். கம்பி அறுந்தால் விழப்போவது அவர் மகள் விளையாடும் முற்றத்தில். மழைக்கு முன்பு கம்பங்களில் உள்ள கூடுகளைக் கலைப்பது அவர்கள் வேலையில் ஒரு பங்கு. அத்தான் வருடக்கணக்காக அதைச் செய்தவர். சுற்றுவட்டாரக் காகங்களில் பாதி அவரிடம் வீடு பறிகொடுத்தவை.

காகத்துக்கு முகம் மறக்காது. பால்காரரை அவை கண்டுகொள்ளவில்லை, என்னைக் கண்டுகொள்ளவில்லை. அத்தான் கதவைத் திறந்தால் போதும், தலைக்கு மேலே இறங்கிவிடும். சட்டை மாற்றிப் பார்த்தார், துண்டால் முக்காடு போட்டுப் பார்த்தார். கடைசியில் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் முற்றத்துக் குழாயில் பல் தேய்த்தார்.

"என்ன மாப்ள சிரிக்கிற? படிச்சவன்தானே, இதுக்கு உங்க புத்தகத்துல ஒரு வழி இருந்தா சொல்லு."

"ஏறி எடுத்துப் போட்டுடலாமே அத்தான். இன்னும் முட்டை கூட வைக்கல."

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனார்.

அன்று சமையலறையில் அக்கா காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன மழைக்காலத்துக்கு முன்பு ஒரு பம்புசெட் பாதையில் கூடு கலைக்க ஏறியிருக்கிறார். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கி, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் ஏறினார். மேலே போனதும் முதல் வேலை, சங்கிலி தொங்கும் எர்த் ராடைக் கம்பியில் மாட்டுவது. நிறுத்திய கம்பியில் எங்கிருந்தாவது மின்சாரம் புகுந்தாலும் அந்தச் சங்கிலி வழியாக மண்ணுக்குப் போய்விடும், ஆளைத் தொடாது. அன்று காகம் கழுத்திலேயே கொத்தியது. சீக்கிரம் முடித்துவிட்டு இறங்கிவிடலாம் என்ற அவசரத்தில் ராடை மாட்டாமல் கூட்டில் கை வைத்தார். எங்கோ ஒருவர் தோட்டத்தில் ஜெனரேட்டரைத் தாறுமாறாக இணைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அது திரும்பி வந்து கம்பியில் ஏறியிருந்தது.

"இடுப்புப் பெல்ட்டுதான்டா புடிச்சு நிறுத்திச்சு. தொங்கிட்டே கெடந்தாராம். கீழ கொக்கு கத்துறான், மேல காக்கா கொத்துது. இவரு கண்ணு மட்டும் முழிச்சிட்டு இருந்துச்சாம்." நறுக்கிய காயைப் பாத்திரத்தில் தள்ளினாள். "உள்ளங்கைல ஒரு தழும்பு. அவ்வளவுதான். ஆனா அதுக்கப்புறம் ஏணில கால வச்சா கால் எழும்ப மாட்டேங்குது. ரெண்டு தடவ முயற்சி பண்ணாரு. வாந்தி எடுத்துட்டாரு."

"ஆபீஸ்ல சொல்லலாமே அக்கா. விபத்துதானே?"

"ராடு மாட்டாம கை வச்சது யாரு? அதச் சொன்னா வேலையே போயிடும்னு பயப்படுறாரு. எல்லாத்துக்கும் கொக்குதான் ஏறுறான். இவரு கீழ நின்னு கயிறு புடிக்கிறாரு. வெளிய சொல்லிடாத."

கொக்கு அத்தானைவிட இளையவன். உயரமான ஒல்லி உடம்பு, நீண்ட கழுத்து, அதனால் அந்தப் பெயர். வாய் ஓயாதவன். மாலையில் வந்தால் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவான். "அக்கா, டீ போடுங்க, கொக்கு பசியோட வந்திருக்கு. மீன் இருந்தா அதுவும் பரவால்ல." அத்தானுக்காக அவன் ஏறிய கம்பங்கள் கணக்கில்லை. ஒரு முறை கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை என்பாள் அக்கா. இந்தக் கூட்டையும் அவனே வந்து எடுத்திருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்காகவே வந்தான். அதற்குள் கூட்டில் முட்டை விழுந்துவிட்டது. என் அக்கா மகள் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

"முட்டை இருக்கு மாமா! எடுக்காதீங்க!"

கொக்கு அத்தானைப் பார்த்தான். அத்தான், "விடுடா. குஞ்சு பொரிச்சுப் பறக்கட்டும்" என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதி எனக்கு நன்றாகவே கேட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் காகம் பார்ப்பதே வேலையாகிவிட்டது. மொட்டை மாடியில் படிக்கட்டு அறைக்கு ஒரு சன்னல் உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் கூடு கிட்டத்தட்டக் கண்ணுக்கு நேரே இருக்கும். நீலப்பச்சை முட்டைகள், பழுப்புப் புள்ளியோடு. உள்ளே தேங்காய் நாரும், அக்கா சீவிப் போட்ட தலைமுடியும் மெத்தையாகக் கிடந்தன. ஒன்று அடைகாக்கும்போது மற்றது பக்கத்துக் கம்பத்தில் காவல் இருக்கும். குயில் ஒன்று புங்க மரத்தில் தலைகாட்டினால் போதும், இரண்டும் சேர்ந்து வயலின் மறுகரை வரைக்கும் விரட்டிக்கொண்டு போய்விட்டு வரும்.

எங்கள் எல்லோரையும்விட அத்தான்தான் அதிக நேரம் அந்தச் சன்னலில் நின்றார். மகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். குஞ்சுகள் பொரிந்து, சிவந்த வாயை மட்டும் திறந்துகொண்டு கிடந்தபோது அவர் முகம் தெளிவாக இருந்தது. இறகுக் குருத்துகள் முளைக்க முளைக்க அந்த முகம் வாடியது. விடுமுறை தீரப்போகும் பையன் காலண்டரைப் பார்ப்பது போல அவர் குஞ்சுகளைப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் கொக்குக்குப் பதவி உயர்வு வந்தது. ஃபோர்மேனாக வேறு பிரிவுக்குப் போக வேண்டும். அவன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தான். எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டோம், யாருக்கும் இனிக்கவில்லை.

"உனக்கு யாருடா கயிறு புடிப்பா அங்க?" என்றார் அத்தான்.

"ஃபோர்மேன் ஏற மாட்டான் அண்ணே. கீழ நின்னு அடுத்தவன ஏறச் சொல்லுவான். ஒரு வருஷமா உன்னப் பாத்துத்தானே கத்துக்கிட்டேன்."

அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவன் போனபின் அவள் என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். "இனி யாருடா ஏறுவா?"

இதற்கிடையில் அக்கா மகள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். காக்கா குஞ்சுக்காக எங்க அப்பா கரண்டு கம்பத்துல ஏறாம இருக்காரு, காக்கா கொத்தினாலும் கோபப்பட மாட்டாரு என்று. டீச்சருக்கு மனம் உருகிவிட்டது. ஒரு மாலை வீட்டுக்கே வந்து, ஹெல்மெட்டோடு நின்ற அத்தானையும் கூட்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்து, அழகாக நாலு வரி எழுதி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். ஊரே பார்த்தது. கடைக்காரர் பணம் வாங்கும்போது கையெடுத்துக் கும்பிட்டார். பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அத்தான் அந்தப் பஸ்ஸில் போவதையே நிறுத்திவிட்டார்.

"என்ன மாப்ள இது? கொலைகாரனுக்கு மாலை போட்ட மாதிரி இருக்கு."

"அப்படியெல்லாம் இல்ல அத்தான். குஞ்சுகள விட்டு வச்சது உண்மைதானே?"

"எதுக்கு விட்டு வச்சேன்னு உனக்குத் தெரியும். உங்கக்கா சொல்லியிருப்பா." முதல் தடவையாக அதை என்னிடம் நேராகச் சொன்னார். "பாப்பா முகத்தப் பாக்கவே முடியல."

அந்தப் படம் அத்தானின் மேலதிகாரியான உதவிப் பொறியாளர் கைக்கும் போனது. அவர் ஒரு பெண்மணி, பேச்சில் கறார். அவர் கூப்பிட்டதும் அத்தான் போனை எடுத்து, "சொல்லுங்க மேடம்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது.

"உங்க படம் பாத்தேன். ரொம்பச் சந்தோஷம். மழை வரப் போகுது, ஒரு லைன்மேன் வீட்டு வாசல்லயே கம்பிக் கூடு. கம்பி அறுந்து யார் மேலயாவது விழுந்தா அந்த டீச்சரா பதில் சொல்லுவாங்க? சனிக்கிழமை நானே வரேன். குஞ்சோட கூட்ட இறக்கி மரத்துல வச்சிடலாம். எனக்கும் குஞ்சுங்க மேல கோபம் இல்ல."

சனிக்கிழமை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஜீப்பில் மேடமும் கொக்கும் வந்தார்கள். அந்த வாரத்தோடு கொக்குக்கு அங்கே வேலை முடிகிறது. அக்கா ஒரு கூடையில் பழைய துணியைப் பரப்பி வைத்திருந்தாள். குஞ்சுகளை நான் தொடக்கூடாதா என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மேடம் அத்தானைப் பார்த்து, "உங்க கம்பம், உங்க காக்கா. நீங்களே ஏறுறீங்களா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

அத்தான் கம்பத்தின் உச்சியை ஒரு முறை பார்த்தார். அதற்குள் கொக்கு பெல்ட்டை மாட்டிக்கொண்டான். "வேணாம் மேடம். அண்ணன் முகத்தப் பாத்தா காக்கா கண்ணப் புடுங்கிடும். நான் கடைசியா ஒரு தடவ ஏறிட்டுப் போறேன்."

அத்தான் டிரான்ஸ்பார்மருக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வந்தார். வீட்டில் மின்விசிறி நின்றது. கொக்கு எர்த் ராடைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் கூடையோடு மேலே போனான். அவன் நீளக் கைகால்களுக்குக் கம்பம் ஏறுவது மாடிப்படி ஏறுவது போல. அத்தான் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்.

காகங்கள் கொக்கை விடவில்லை. இரண்டோடு நிற்காமல் எங்கிருந்தோ இன்னும் பல வந்து சேர்ந்துகொண்டன. ஒன்று ஹெல்மெட்டில் மோதியது. இன்னொன்று கழுத்தில் கொத்தியது. "அய்யோ சனியனே!" என்று ஒரு கையால் விசிறினான். ஹெல்மெட் கண்ணுக்கு இறங்கியது. ராடு தோளிலேயே தொங்கியது. மற்றக் கை மின்கம்பியைத் தாண்டிக் கூட்டை நோக்கி நீண்டது.

"கை வைக்காத!"

அத்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டதே இல்லை. காகங்கள்கூட ஒரு கணம் சிதறின. கொக்கின் கை நின்றது.

"ராடு மாட்டுடா!"

"ஃபியூஸ் புடுங்கியாச்சே அண்ணே! நீதானே புடுங்கின?"

"அன்னைக்கும் நான்தான்டா புடுங்கினேன்! கைய எடு!"

மேடம் திரும்பினார். "அன்னைக்குன்னா?" மெதுவாகத்தான் கேட்டார். "என்னைக்கு?"

மேலே கொக்கு வேண்டாம் என்று தலையசைத்ததை நான் பார்த்தேன். அத்தானும் பார்த்திருப்பார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். கேள்விப்பட்ட கதை, வேறு பிரிவில் நடந்தது என்று. அவர் கயிற்றை விடாமல், கண்ணைக் கொக்கின் கையிலிருந்து எடுக்காமல் பேசினார்.

"போன வருஷம் மேடம். பம்புசெட் லைன்ல. காக்கா கொத்துதுன்னு ராடு மாட்டாம கை வச்சேன். ஜெனரேட்டர் கரண்டு திரும்பி வந்துச்சு. பெல்ட்டுல தொங்கினேன். அதுக்கப்புறம் நான் எந்தக் கம்பமும் ஏறல. முடியல. எல்லாத்தையும் அவன்தான் ஏறுனான். குஞ்சுக்காக விட்டு வச்சேன்னு சொன்னது பொய். நான்தான் பயந்தேன்."

அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல ராடு மாட்டுங்க" என்று மேடம் மேலே பார்த்துச் சொன்னார்.

கொக்கு ராடை எடுத்துக் கம்பியில் மாட்டினான். ஒரு பெரிய பொறி பறக்கும், சங்கிலி சடசடக்கும், அத்தான் கத்தியது வீண் போகாது என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு சின்ன மினுக்கு கூட இல்லை. கம்பி செத்துத்தான் கிடந்தது. கொக்கு கை வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

கூடு கூடைக்குள் வந்தது. மூன்று குஞ்சுகள். கொக்கு இறங்கி, கூடையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றி ஜீப்பில் போட்டான். அத்தானைப் பார்க்கவே இல்லை. கழுத்தில் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது.

"விபத்த ஏன் சொல்லல?" என்றார் மேடம்.

"தப்பு என்னுது மேடம்."

"அதனாலதான் சொல்லியிருக்கணும். அந்த ஜெனரேட்டர்காரன் இன்னும் அப்படியே வச்சிருந்தா? அதே லைன்ல இன்னொருத்தன் ஏறியிருந்தா?" குரலை உயர்த்தாமல் கேட்டார். "திங்கட்கிழமை ஆபீஸுக்கு வாங்க. ரெண்டு பேரும்."

கூடையைப் புங்க மரத்தின் கிளையில் நான்தான் கட்டினேன். மாலை வரைக்கும் காகங்கள் வெறும் கம்பத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. மரத்தின் பக்கம் திரும்பவில்லை. குஞ்சுகள் கத்திக் கத்தி ஓய்ந்தன. இருட்டுவதற்குச் சற்று முன்பு ஒன்று மட்டும் வந்து கிளை நுனியில் உட்கார்ந்து, கூடையைத் தலை சாய்த்துப் பார்த்துவிட்டுப் போனது. மறுநாள் காலை இரண்டும் இரை கொண்டுவந்தன. அதற்குள் சின்னக் குஞ்சு விறைத்துப் போயிருந்தது.

அதைக் குழி தோண்டிப் புதைத்தபின் அக்கா மகள் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அப்பா, அப்போ டீச்சர்கிட்ட நான் பொய் சொல்லிட்டேனா?"

"நீ சொல்லலம்மா. நான் சொல்ல வச்சேன்."

"திங்கட்கிழமை நான் மாத்திச் சொல்லவா?"

அத்தான் அவள் கையைத் துண்டால் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். "சொல்லு" என்றார்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன், அவர்தான் கூப்பிட்டார். எழுதிக் கொடுக்கச் சொன்னால் நான் எழுதட்டும் என்று. தேவைப்படவில்லை, அவரே தன் கையால் எழுதினார். மேடம் அவரைக் கம்ப வேலையிலிருந்து எடுத்துத் துணை மின் நிலையத்தில் ஷிப்டு வேலைக்குப் போட்டார். மேலே என்ன நடவடிக்கை என்பது பெரிய அலுவலகத்திலிருந்து வர வேண்டும். இன்னும் வரவில்லை. கவர் எதுவும் வந்தால் அக்கா அனுப்பியவர் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறாள். விபத்தை மறைத்ததற்காகக் கொக்குக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அது முடியும் வரை ஃபோர்மேன் பதவி நிறுத்திவைக்கப்பட்டது.

கொக்கு அதன் பிறகு ஒரே ஒரு முறை வந்தான். ஒரு மாலை. வண்டியை அணைக்காமல் வாசலுக்கு வெளியிலேயே நின்றான். மரத்தில் கூடை காலியாகிவிட்டிருந்தது. குஞ்சுகள் இரண்டும் மதில் மேல் தத்திக்கொண்டிருந்தன.

அத்தான் வெளியே போனார். நான் கதவருகே நின்றேன்.

"செத்த கம்பிக்குப் போய்க் கத்துனியே அண்ணே." கொக்கு சிரிக்க முயன்ற மாதிரி இருந்தது, சிரிப்பு வரவில்லை. "ஒரு வருஷம் உனக்காக ஏறுனேன். ஒரு நிமிஷம் உன்னால வாய மூட முடியல."

"முடியலடா."

"வீட்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன், ஃபோர்மேன் ஆகப் போறேன்னு. பொண்ணு வீட்டுக்காரங்க வரைக்கும் தெரியும்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார். "செத்த கம்பின்னு ராடு மாட்டுன பிறகுதானேடா தெரிஞ்சுது."

கொக்கு ஆக்சிலரேட்டரை இரண்டு தடவை முறுக்கினான். கழுத்தில் காயம் ஆறி, தோல் வேறு நிறத்தில் இருந்தது.

"உள்ள வா. டீ குடிச்சிட்டுப் போ."

"வேணாம் அண்ணே."

வண்டி வயல் வளைவில் திரும்பும் வரைக்கும் அத்தான் நின்றார். உள்ளே வந்தபோது அக்கா அடுப்பருகே இரண்டு டம்ளரில் டீ ஊற்றி வைத்திருந்தாள். ஒன்றை எடுத்துக்கொண்டார். மற்றதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"ஆறிடும் மாப்ள, எடுத்துக்கோ."